ராஜினாமா கடிதத்துக்கு முன்னால்: தோட்டப்புற ஊர்களில் வேலை செய்யும் மிஸ்ஸிகளுக்கும் (நர்ஸ்கள்) எச்.ஏ.க்களுக்கும் (மருத்துவமனை உதவியாளர்கள்) ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் ஒரு பிள்ளைக்கு மருத்துவமனை வேலை கிடைத்துவிட்டால் வீட்டில் பெரிய சந்தோஷம். யூனிஃபார்ம் போட்ட படம் மாமா, சித்தப்பா, அத்தை எல்லார் கைப்பேசிக்கும் போய்விடும். ஒரு வருஷம் கழித்து அதே பிள்ளை நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது மோட்டார் சாவியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றால், என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. "வேலன்னா களைப்பு இருக்கத்தானம்மா செய்யும்" என்பார்கள். அவர்களும் ரப்பர் பால்வெட்டிலும் வெளிக்காட்டு வேலையிலும் களைத்தவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

நானும் அந்த வழியாக வந்தவள். ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு மிஸ்ஸியாக இருந்தபோது உடம்பும் மனசும் சேர்ந்து கைவிட்டன. எந்தக் கதவைத் தட்டுவது, எந்தத் தாளைக் கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு துண்டு விவரம் கிடைத்தது. அவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். களைத்துப்போனவர் கைக்கு முதலில் வருவது ராஜினாமா கடிதம்தான். அதைக் கடைசியில் வையுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்தால் சம்பளமும் போகாது, உரிமையும் போகாது, சிகிச்சையும் கிடைக்கும்.

ஒரு விஷயம் மட்டும் வரிசையில் நிற்காது. "செத்துவிட்டால் நல்லது" என்ற எண்ணம் வந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை. பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வ அமைப்பு 03-7627 2929, 24 மணி நேரமும். அதற்கும் பொறுக்காத நிலை என்றால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999. தற்கொலை முயற்சி 2023 முதல் இந்த நாட்டில் குற்றம் இல்லை. போலீஸ் வரும் என்ற பயத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம்.

1. உங்கள் முதலாளி யார் என்று தெளிவாகுங்கள்

ஒரே வார்டில் நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான சட்டம் இருக்கலாம். அரசாங்க நிரந்தர ஊழியர் என்றால் விடுப்பும் வேலை நேரமும் பொதுச் சேவை விதிகளின்படி நடக்கும். வேலைவாய்ப்புச் சட்டம் 1955 உங்களுக்குப் பொருந்தாது. அரசாங்கத்தில் ஒப்பந்த ஊழியர் என்றால் ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதுதான் முதல் ஆதாரம், அதன் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். தனியார் மருத்துவமனை, டவுன் கிளினிக், டயாலிசிஸ் நிலையம், தோட்ட டிஸ்பென்சரி எல்லாம் தீபகற்பத்தில் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வரும்.

ஆஃபர் லெட்டர், கடைசி மூன்று சம்பளச் சிட்டை, பாண்ட் ஒப்பந்தம் (படிப்புச் செலவுக்குப் பதிலாக இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்ற உறுதி) இருந்தால் அதுவும், ஒரு ஃபைலில் போடுங்கள். ஃபைல் வீட்டில் இருக்க வேண்டும், லாக்கரில் அல்ல.

2. ரோஸ்டரைப் படமெடுங்கள், ஒரு நோட்டு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ரோஸ்டர் பலகையில் ஏறிய அன்றே ஒரு படம். மாத முடிவில் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பென்சிலில் எழுதி அழித்த இடங்கள், லிக்விட் பேப்பர் பூசிய கட்டங்கள், ஆஃப் இருந்த இடத்தில் பி.எம். (மாலை ஷிஃப்ட்) என்று மேலே எழுதியது, எல்லாம் தெரியும். மாதக் கடைசியில் பேப்பரைக் கழற்றிவிட்டால் அந்த மாதம் என்ன நடந்தது என்று சொல்ல உங்கள் ஞாபகம் மட்டும்தான் மிஞ்சும்.

அதோடு ஒரு பள்ளி நோட்டு. ஒவ்வொரு நாளும் ஐந்து கட்டம்: ரோஸ்டரில் இருந்த நேரம், உண்மையில் வந்த நேரம், பாஸ் ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைப்பது) முடித்துப் போன நேரம், உட்கார்ந்து சாப்பிட முடிந்ததா, எத்தனை மணி நேரம் தூங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நோயாளியின் பெயர், படுக்கை எண், கேஸ் விவரம் எதுவும் அதில் வரவே கூடாது. வந்தால் நாளைக்கு அந்த நோட்டே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

எதற்காக இவ்வளவு? வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். ஷிஃப்ட் வேலையில் ஒரு வாரம் கூடலாம், ஒரு வாரம் குறையலாம். ஆனால் மூன்று வாரச் சராசரி 45ஐத் தாண்டக் கூடாது. ஆகவே ஒரு வாரக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசாதீர்கள், "அடுத்த வாரம் சரிக்கட்டிவிட்டோம்" என்று பதில் வரும். மூன்று வாரத்தைச் சேர்த்து எடுங்கள். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்ற வரம்பும் உண்டு. பல இடங்களில் காலை ஷிஃப்ட் 7 முதல் 2, மாலை 2 முதல் 9. ஆளில்லை என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் 14 மணி நேரம். நிர்வாகம் "அவசரத் தேவை" என்ற விலக்கைக் காட்டும். விபத்தில் பஸ் கவிழ்ந்து வார்டு நிறைந்த அன்று அது உண்மை. வாரம் தவறாமல் நடந்தால் அது ஆள் பற்றாக்குறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் நோட்டுதான் காட்டும்.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) விஷயம்: மாதச் சம்பளம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) வரை உள்ளவர்களுக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு என்ற கணக்கு சட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்கினால் ஓ.டி. காசு ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வேலை நேர வரம்பு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். "உங்களுக்கு நாலாயிரத்துக்கு மேலே, அதனால் நேரம் கணக்கில்லை" என்று யாராவது சொன்னால் அது தவறு.

3. டாஸ்-21: பத்து நிமிஷம், ஆனால் சரியான நாளில்

பர்ன்-அவுட் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் நோயாகப் பட்டியலிடவில்லை. வேலையால் வரும் ஒரு நிலை என்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, "நான் செய்வது எதுவும் சரியில்லை" என்று தோன்றுவது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. "பர்ன்-அவுட் என்று எம்.சி. எழுதிக் கொடுங்கள்" என்று டாக்டரிடம் விடுப்புச் சான்று கேட்டால் கிடைக்காது. அதன் பின்னால் மனச்சோர்வோ பதற்றமோ தூக்கக் கோளாறோ இருந்தால் அதற்குச் சிகிச்சையும் உண்டு, விடுப்பும் உண்டு. ஆகவே முதலில் அளந்து பாருங்கள்.

அரசாங்க கிளினிக்குகளில் பயன்படுத்தும் மனநலக் கேள்வித்தாள்களில் ஒன்று டாஸ்-21. மொத்தம் 21 கேள்வி, மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றுக்கும் ஏழேழு. கடந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மூன்று பகுதியையும் தனித்தனியாகக் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்க மறந்து "நார்மல்தான்" என்று போய்விடுகிறவர்கள் உண்டு. அழுத்தம் 26 அல்லது அதற்கு மேல், மனச்சோர்வு 21 அல்லது அதற்கு மேல், பதற்றம் 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அது கடுமையான நிலை, தள்ளிப்போடாதீர்கள்.

நைட் முடித்த காலையில் போடாதீர்கள், எல்லாமே மோசமாக வரும். நீண்ட விடுப்பு முடிந்த மறுநாளும் வேண்டாம், எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டும். சாதாரண வேலை வாரத்தின் நடுவில் போடுங்கள். வேலை இடத்திலேயே கூட்டமாகக் கொடுத்து வாங்கும் படிவத்தில் பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் 0 போடுகிறார்கள், யார் படிப்பார்களோ என்ற பயம். அந்தத் தாளை நம்பி "எனக்கு ஒன்றுமில்லை" என்று உங்களையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். வீட்டில் தனியாக இன்னொரு தடவை போட்டு, அந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

4. எந்த கிளினிக், என்ன செலவு

தோட்டப்புற ஊரில் பெரிய தடை காசு அல்ல, கண். கவுண்டரில் இருப்பவர் சின்னம்மா மகள், மருந்து கொடுப்பவர் கோயில் கமிட்டியில் இருப்பவர். நீங்களே அந்த கிளினிக் ஊழியராக இருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்து ஊருக்குப் போங்கள். சுங்கை சிப்புட்டில் இருப்பவர் கோலகங்சாருக்கோ ஈப்போவுக்கோ போகலாம். "உங்க ஊர்ல கிளினிக் இல்லையா?" என்று கேட்டால், "நான் அங்கே வேலை செய்கிறேன், தனிமை வேண்டும்" என்று சொன்னால் போதும்.

கொண்டுபோக வேண்டியவை: ஐ.சி. (அடையாள அட்டை), டாஸ்-21 தாள், இரண்டு மூன்று வாரத் தூக்கக் கணக்கு, சாப்பிடும் மருந்துகளின் பெயர். "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் ஒரு பொட்டலம் மாத்திரையோடு வெளியே வந்துவிடுவீர்கள். "மன அழுத்தப் பரிசோதனைக்கு வந்திருக்கிறேன், இதோ என் மதிப்பெண்" என்று தொடங்குங்கள். காலையில் சீக்கிரம் போங்கள், அன்று டூட்டி இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு: அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. அரசாங்க ஊழியருக்கு அதுவும் இல்லை. அங்கிருந்து கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் மனநல கிளினிக்குக்கு அனுப்பினால் ஒவ்வொரு வருகைக்கும் 5 வெள்ளி. இங்கே ஒரு பொறி இருக்கிறது: அதே நிபுணரிடம் தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கு 30 வெள்ளி. ஆகவே கடிதத்தை அரசாங்க கிளினிக்கிலேயே வாங்குங்கள். சாதாரண நிலை என்றால் நிபுணரின் தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். "அதற்குள் மோசமானால் எங்கே வருவது?" என்று அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் மனநல நிபுணரிடம் முதல் சந்திப்பே சில நூறு வெள்ளி ஆகலாம். போனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனநலப் பரிசோதனை, ஆலோசனைச் செலவுக்கு வருமான வரியில் 1,000 வெள்ளி வரம்புக்குள் கழிவு கேட்கலாம்.

ஈப்போ என்றால் ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை. தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தால் பலர் அங்கேயே கிழித்துவிடுகிறார்கள். "தஞ்சோங் ரம்புத்தான்" என்பதைச் சின்ன வயதிலிருந்து வசவாகவே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வசவுக்காகச் சிகிச்சையை விடாதீர்கள். வெளிநோயாளியாகப் போய், டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களும் அங்கே உண்டு. மன்தாரி எனப்படும் சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. உங்களுக்கு அருகில் எது என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

மருந்து எழுதினால் இரண்டு விஷயத்தை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்: நான் நைட் செய்கிறேன், மோட்டார் சைக்கிளில் போகிறேன். எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதே அதைப் பொறுத்து மாறும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். "ஒரு வாரமாச்சு, ஒண்ணும் ஆகல" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆலோசகரிடம் போவதென்றால் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். கவுன்சலர் சட்டம் 1998ன் கீழ் பதிவும் பயிற்சிச் சான்றும் உள்ளவர்கள் பெயருக்குப் பின்னால் மலாய் சுருக்கமாக கே.பி., பி.ஏ. என்று போட்டிருப்பார்கள். அரசாங்க ஊழியர்களுக்கு இலாகாவிலேயே உளவியல் அதிகாரியும், அக்ராப் என்ற சக ஊழியர் ஆதரவுக் குழுவும் உண்டு. காசு கிடையாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து அலமாரி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தூங்க ஒரு மாத்திரை, வலிக்கு ஒரு ஊசி என்று யாரும் அங்கிருந்து எடுக்காதீர்கள். தோழி எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டு பேருடைய பதிவும் போகும், களைப்பு அப்படியே இருக்கும்.

5. எம்.சி.யும் விடுப்பும்

தனியாரில் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு: இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18, ஐந்துக்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க வேண்டிவந்தால் 60 நாள் அதற்கு மேல் தனியாக. மனநலக் காரணம் என்பதால் இது குறையாது.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் எம்.சி. கையில் இருந்தாலும் வராமல் போனதாகக் கணக்காகிவிடும். சிஸ்டருக்கு (வார்டின் தலைமை மிஸ்ஸி) வாட்ஸ்அப் அனுப்பி, அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். இரண்டாவது, கம்பெனிக்குப் பேனல் கிளினிக் (கம்பெனியே ஏற்பாடு செய்த கிளினிக்) இருந்தால் வேறு இடத்து எம்.சி.யைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். அரசாங்க மருத்துவமனை எம்.சி.யை ஏற்பீர்களா என்று எச்.ஆர்.இடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். மூன்றாவது, எம்.சி.யில் நோயின் பெயர் இல்லாமல் "வேலைக்குத் தகுதியில்லை" என்று மட்டும் எழுத முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எம்.சி. நாட்களில் பக்கத்து கிளினிக்கில் லொக்கம் (தற்காலிக மாற்று வேலை) செய்யாதீர்கள். காசு முடை எனக்குப் புரிகிறது, ஆனால் பிடிபட்டால் உங்கள் பக்கம் பேச யாராலும் முடியாது.

6. கேட்பதை எழுத்தில் கேளுங்கள்

"சிஸ்டர், முடியல" என்று நர்சிங் கவுண்டரில் நின்று சொன்னது எங்கும் பதிவாகாது. ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள், மலாயிலோ ஆங்கிலத்திலோ. முதல் பத்தியில் மூன்று வாரக் கணக்கு. இரண்டாவதில் கேட்பது என்ன: இரண்டு மாதத்துக்குத் தொடர் நைட் மூன்றுக்கு மேல் வேண்டாம், டபுள் ஷிஃப்ட் வேண்டாம், மாலை ஷிஃப்டுக்கு அடுத்த நாள் காலை ஷிஃப்ட் வேண்டாம் என்று குறிப்பாக. மூன்றாவதில் எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். புகார், பெயர், பழைய சண்டை எதுவும் வேண்டாம். டாக்டர் கடிதம் இருந்தால் இணையுங்கள். அதில் "இரவு வேலையிலிருந்து தற்காலிக விலக்கு" என்ற வரி இருந்தால் நூறு விளக்கத்துக்குச் சமம்.

வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60பி (60P) பிரிவு வேலை நேரம், நாள், இடத்தை மாற்றக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமையைத் தருகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் காரணம் தாளில் வந்துவிட்டால் அடுத்த பேச்சுக்கு அதுவே பிடி.

நோயாளியின் சொந்தக்காரர் கை ஓங்கினாலும், குடித்துவிட்டு வந்து தள்ளினாலும் அன்றே சம்பவ அறிக்கை எழுதுங்கள், அடிபட்டிருந்தால் போலீஸ் ரிப்போர்ட்டும் வேண்டும். "நம்ம ஊர் ஆளுதானே" என்று விட்டுவிட வேண்டாம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சிறு கிளினிக்கிலும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அவர் யார் என்று கேளுங்கள்.

எழுதியும் பலன் இல்லையென்றால், தனியார் ஊழியர் ஆள்பல இலாகாவுக்குப் போகலாம். புகார் கொடுக்கக் காசு இல்லை, வக்கீல் தேவையில்லை. நோட்டு, படங்கள், சம்பளச் சிட்டை, கடிதப் பிரதி கேட்பார்கள். இரண்டாவது படியின் அருமை அங்கே தெரியும்.

7. நைட் முடிந்து வீடு திரும்பும் வழி

காலை 7 மணிக்கு பாஸ் ஓவர் முடித்து, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே மோட்டாரில் வருவது இந்த வேலையிலேயே ஆபத்தான அரை மணி நேரம். கண் சொக்கினால் கிளம்பாதீர்கள். ரெஸ்ட் ரூமில் 20 நிமிஷம் படுத்து எழுந்து வாருங்கள். அதிகாலை 3 மணிக்குப் பிறகு கோப்பி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம், வீட்டில் தூக்கம் வராது.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான விபத்துக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு. வழியில் மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால் சிக்கல் வரும். விபத்தென்றால் போலீஸ் ரிப்போர்ட், முதல் சிகிச்சைச் சீட்டு, அன்றைய ரோஸ்டர் படம் மூன்றும் வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், நீங்களும் விடாமல் கேளுங்கள். அரசாங்க நிரந்தர ஊழியர்களுக்கு சொக்சோ இல்லை, இலாகா வழியாகத்தான் போக வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். நைட் முடித்து வந்த பிள்ளை தூங்குகிறது என்றால் அது வேலையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பகல் பத்து மணிக்கு "பாட்டிக்கு பிரஷர் பாரும்மா" என்று எழுப்பாதீர்கள். லைன் (தோட்ட வீட்டு வரிசை) முழுவதும் வந்து மருந்துச் சீட்டைக் காட்டினால் வாசலிலேயே "சாயங்காலம் வாங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அந்தப் பிள்ளையால் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல முடியும்.

8. தோட்டத்து எச்.ஏ.க்களுக்கு

நீங்கள் ஒரே ஆள். குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரிக்குப் பக்கத்திலேயே. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், பாம்புக்கடியாக இருக்கலாம், குடித்துச் சண்டை போட்ட காயமாக இருக்கலாம். திறக்காமல் இருக்க முடியாது. உங்களுக்கு ரோஸ்டர் இல்லை என்பதால் நோட்டு இன்னும் முக்கியம்: தட்டிய நேரம், முடிந்த நேரம், வண்டியில் டவுன் மருத்துவமனைக்குக் கூடவே போனீர்களா என்பது.

மேனேஜரிடம் இரண்டு ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, பக்கத்துத் தோட்டத்து எச்.ஏ.யோடு மாறி மாறி வார இறுதி. ஒரு வார இறுதி அவர் இரண்டு தோட்டத்தையும் பார்ப்பார், அடுத்தது நீங்கள். இரண்டு மேனேஜரும் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் ஏதாவது நடந்தால் பழி உங்கள் தலையில். இன்னொன்று, எது இரவில் எழுப்ப வேண்டிய கேஸ், எது காலை வரை பொறுக்கும் என்று வருகை டாக்டர் கையெழுத்திட்ட ஒரு தாள். அதைத் தமிழிலும், வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள் படிக்கிற மொழியிலும் டிஸ்பென்சரிக் கதவில் ஒட்டுங்கள்.

ஆம்சு என்று நாம் சொல்லும் தோட்ட அலுவலர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் மேனேஜரைப் பார்ப்பதற்கு முன் சங்கத்தில் பேசுங்கள். உங்கள் நேரமும் அலவன்ஸும் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கலாம்.

9. அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்றால்

போகலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் பாண்டைப் படியுங்கள். படிப்புக்கு மருத்துவமனை காசு கட்டியிருந்தால் எத்தனை வருஷம் மீதி, விட்டால் எவ்வளவு, வேலை செய்து முடித்த மாதங்களுக்குக் கழிவு உண்டா என்று பாருங்கள். ஜாமீன் போட்டவர் உங்கள் அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார், அவரிடம் முதலில் சொல்லுங்கள். டாக்டர் கடிதமும் நோட்டும் இருந்தால் தவணைக்கோ குறைப்புக்கோ பேச இடம் இருக்கிறது. வெறும் கையோடு போனால் அந்த இடம் இல்லை.

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதவில்லை என்றால் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் குறைவுக்கு 4 வாரம், ஐந்து வருஷம் வரை 6, அதற்கு மேல் 8. "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று அறைக்குள் வைத்து அழுத்தினால் அங்கே கையெழுத்திடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து வாருங்கள். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக தொழில் உறவு இலாகாவில் முறையிட 60 நாள்தான் அவகாசம், அந்த நாள் தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கேட்க மாட்டார்கள். போகும்போது சேவைச் சான்றும், கடைசிச் சம்பளச் சிட்டையும், பயிற்சிப் புள்ளிகளின் பதிவும் வாங்காமல் வராதீர்கள்.

10. ரோஸ்டர் போடும் கையில் இருப்பவர்களுக்கு

சிஸ்டர், மேனேஜர், கிளினிக் டாக்டர் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் கேட்க எனக்குச் சில உண்டு. ஆள் கேட்டு மேலே எழுதினால் வரும்போது வரட்டும். இவற்றுக்குக் காசு செலவில்லை.

ரோஸ்டரை இரண்டு வாரம் முன்னதாக ஒட்டுங்கள். ஷிஃப்ட் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகட்டும், உடம்பு அதற்கு எளிதாகப் பழகும். இரவு 9 மணிக்கு அனுப்பிவிட்டு மறுநாள் காலை 7 மணிக்குக் கூப்பிட்டால் பயணம், குளியல், சாப்பாடு போகத் தூங்க ஆறு மணி நேரம்கூட மிஞ்சாது. கடைசி நைட்டுக்குப் பிறகு வரும் நாளை ஆஃப் என்று எண்ணாதீர்கள், அது தூங்கித் தீர்க்கிற நாள்.

தீபாவளி, தைப்பூசத்துக்கு யார் வேலை என்ற சண்டையை அந்த வாரத்தில் வைக்காதீர்கள். வருஷத் தொடக்கத்திலேயே எல்லாரையும் உட்காரவைத்து, நோன்புப் பெருநாளுக்கு நம் பிள்ளைகள், தீபாவளிக்கு மலாய், சீனத் தோழிகள் என்று எழுதிவிடுங்கள். பெரும்பாலோர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள், கடைசி நேரத்தில் கேட்பதுதான் கசப்பு.

வார்டில் ஒரு குழந்தை இறந்தால், அன்று அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொடுத்த மிஸ்ஸியை அடுத்த படுக்கைக்கு உடனே அனுப்பாதீர்கள். பேன்ட்ரியில் உட்காரவைத்து ஒரு மைலோ போட்டுக் கொடுத்து, பத்து நிமிஷம் பக்கத்தில் இருங்கள். அடுத்த வாரம் "எப்படிம்மா இருக்கே?" என்று இன்னொரு தடவை கேளுங்கள், ஏனென்றால் முதல் நாள் எல்லாரும் "ஓகே சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். எம்.சி. முடிந்து திரும்பி வருகிறவருக்கு முதல் இரண்டு வாரம் நைட் போடாதீர்கள், அவர் ஏன் போனார் என்று பாஸ் ஓவரில் யாரும் பேசவும் விடாதீர்கள்.